எட்டாவது முகம்

ஜூன் 4

அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் உன் வாயாடி மகளும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஃபோனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போன தடவை நான் பாதியில் வைத்தேன், அதற்கு முந்தின தடவை நீ வைத்தாய். கடிதத்தில் அந்த வசதி கிடையாது, கடைசி வரை படித்துத்தான் ஆக வேண்டும்.

என் கல்யாணப் படம் போய்விட்டது. ஹாலில் மாட்டியிருந்தோமே, எட்டுப் பேர் வரிசையாக நிற்கிற பெரிய படம், கண்ணாடிமேல் தாள் ஒட்டி ஓரத்து முகத்தை மறைத்து வைத்திருந்தேனே, அதுதான். மேல் வீட்டுக் குளியலறையில் குழாய் ஒழுகி, தண்ணீர் சுவருக்குள்ளேயே இறங்கி, படத்துக்குப் பின்னால் எத்தனை மாதமாகத் தங்கியிருந்ததோ தெரியவில்லை. சட்டத்தைக் கழற்றினால் தாள் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. அம்மாவின் சேலையெல்லாம் பூஞ்சை. அப்பா நெற்றியில் மஞ்சளாக ஒரு கறை. என் வீட்டுக்காரி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மேல் வீட்டுக்காரரிடம் போய் நின்றால், "பழைய படம்தானே சார், எப்படியும் மங்கித்தானே இருந்திருக்கும்" என்கிறார். பல்லைக் கடித்துக்கொண்டு படியிறங்கி வந்தேன்.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் பழைய படங்களைச் சரிசெய்து கொடுக்கிற ஸ்டுடியோ ஒன்று இருக்கிறது. கம்ப்யூட்டர் முன்னால் ஓர் அம்மா உட்கார்ந்திருக்கிறாள். நம்மை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. ஸ்கேன் எடுக்க ஒரு காசு, கறை எடுக்க ஒரு காசு, கிழிசலுக்கு ஒரு காசு. அதெல்லாம் போகட்டும். முகங்களுக்கு மட்டும் தலைக்கு இவ்வளவு என்று தனிக் கணக்காம். ஒரு முகத்தின் விலையில் நல்ல தோல் செருப்பு ஒரு ஜோடி வாங்கலாம். அப்படியானால் உடம்புக்கு எவ்வளவு என்று கேட்டேன். உடம்பு மொத்தத்திலேயே சேர்ந்துவிடுமாம், முகத்தில்தான் வேலையாம்.

எத்தனை முகம் என்று கேட்டாள். ஏழு என்றேன். என் மாமனார், மாமியார், நாங்கள் இரண்டு பேர், அப்பா, அம்மா, நீ. எட்டாவதாக ஓரத்தில் நிற்கிற ஆளை எடுத்துவிடுங்கள் என்றேன். அதற்குத்தான் முதல் தடவையாகத் தலையைத் தூக்கினாள். "எடுக்கிறதுக்கு ரெண்டு முகத்துக் காசு ஆகும் சார். அவர் பின்னால இருக்கிற திரையை வரையணும். அந்த அம்மா தோள்மேல இருக்கிற கையையும் எடுக்கணும்" என்றாள்.

பார்த்தாயா? இருந்தவரைக்கும் நமக்குச் செலவு வைத்த ஆள், இல்லாமல் போவதற்கும் செலவு வைக்கிறான். தொலையட்டும் என்று ஒத்துக்கொண்டேன்.

உன் பங்கைச் சொல்லிவிடுகிறேன். அப்பா, அம்மா முகங்களில் ஆளுக்குப் பாதி. உன் முகம் முழுக்க உன்னுடையது. ஆக உனக்கு இரண்டு முகம். அவசரமில்லை, முடிந்தபோது அனுப்பு.

தம்பி


ஜூன் 11

தம்பிக்கு,

உன் கணக்கைப் படித்தேன். அம்மா முகத்தில் பாதி உனக்கு, பாதி எனக்கு. நெற்றி யாருக்கு, வாய் யாருக்கு என்றும் எழுதியிருந்தால் பிற்பாடு தகராறு வராது.

காசு உன் கணக்குக்கு வந்திருக்கும். இரண்டு முகத்துக்கு இல்லை, மூன்று முகத்துக்கு. மூன்றாவது எதற்கு என்று உனக்குத் தெரியும். அவரை எடுக்காதே. அவர் முகத்தையும் சரிசெய்யச் சொல்.

கோபப்படாமல் படி. அவர் செத்துப்போன செய்தி போன மழைக்காலத்தில் வந்தது உனக்குத் தெரியும். அன்றைக்கு நானும் அழவில்லை, இவளும் அழவில்லை. ஒரு வாரம் கழித்துப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது, திரும்பிப் பார்க்காமலேயே கேட்டாள்: "அம்மா, அவர் எப்படி இருப்பார்?" உயரமா குட்டையா என்று சொன்னேன். நடக்கும்போது ஒரு தோள் சாயும் என்று சொன்னேன். "மூஞ்சி?" என்றாள். நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

என்ன வேலை பார்க்கிறாள் என்று நினைத்துப் பார். மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க ஊரார் முகத்தைப் பிடித்து ஃப்ரேம் பொருத்துகிறாள். இந்த மூக்கு அப்பாவிடமிருந்து வந்தது, இந்தக் காது தாத்தாவிடமிருந்து வந்தது என்று வருகிறவர்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு வருகிறாள். தன்னுடையது எங்கிருந்து வந்தது என்று தெரியாது.

என்னிடம் காட்ட ஒன்றும் இல்லை. கொல்லையில் வைத்து எல்லாவற்றையும் கொளுத்தினோமே. நீ மண்ணெண்ணெய் கொண்டுவந்தாய், நான் தீப்பெட்டி கொண்டுவந்தேன். உன் கல்யாணப் படத்தின்மேல் மட்டும் அம்மா கைவைக்க விடவில்லை. இனி அந்த முகம் இருப்பது அந்த ஒரு படத்தில்தான்.

உன்னிடம் அவருக்காகக் கேட்கவில்லை. காசும் என்னுடையது. உனக்கு இதில் என்ன நஷ்டம்?

அக்கா


ஜூன் 17

அக்காவுக்கு,

ஒரு முகத்துக் காசைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

என்ன நஷ்டம் என்று கேட்கிறாய். சொந்தமாகப் பட்டறை போடுகிறேன் என்று சொல்லி, அப்பா ஓய்வுபெற்றபோது வந்த பணம் மொத்தத்தையும் வாங்கிக்கொண்டு போனானே, அது நஷ்டம் இல்லையா? உன் நகை? குழந்தைக்கு நாலு மாதம். பால் பவுடர் வாங்க டப்பாவுக்குள் நீ போட்டு வைத்திருந்த சில்லறையைக்கூட விடவில்லை. அப்பா அதற்குப் பிறகு யாரிடமும் முகம்கொடுத்துப் பேசாமலே போய்ச் சேர்ந்தார். அந்த ஆளின் முகத்துக்குப் பூஞ்சை துடைக்க வேண்டுமா? என் வீட்டுச் சுவரில் மாட்டி, தினமும் அதன் கீழே உட்கார்ந்து நான் சாப்பிட வேண்டுமா?

அவளுக்குக் காய்ச்சல் வந்தால் தோளில் போட்டுக்கொண்டு ஓடியது யார்? பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டது யார்? முதன்முதலில் கண்ணாடி வாங்கிக் கொடுத்தது யார்? அது மூக்கில் நிற்காமல் நழுவிக்கொண்டே இருக்க, கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டிவிட்டதும் நான்தான். அவளுக்கு அப்பன் முகம் வேண்டுமானால் என் முகத்தைப் பார்க்கட்டும்.

இன்னொன்றும் கேள். நீ அனுப்பிய காசுக்கு நடக்கிற வேலையும் இல்லை இது. ஸ்டுடியோக்காரம்மாவிடம் சும்மா கேட்டுப் பார்த்தேன். மற்றவர்களுக்குக் கறை மட்டும்தான். அந்த ஆளுக்கு இடது கண்ணிலிருந்து தாடை வரைக்கும் தாளே உரிந்து கண்ணாடியோடு போய்விட்டது. சரிசெய்ய அங்கே ஒன்றும் இல்லை, புதிதாக உண்டாக்க வேண்டும். அதற்கு ஐந்து முகத்துக் காசு கேட்கிறாள். ஐந்து! அப்பாவும் அம்மாவும் சேர்ந்தே இரண்டுதான்.

வேலை தொடங்கியாகிவிட்டது. விட்டுவிடு.

தம்பி


ஜூன் 25

தம்பி,

விடச் சொன்னால் விடுகிற ஆளா நான்?

மூலப் படம் உன்னிடமே இருக்கட்டும் என்று, உன் வீட்டுக்காரி சட்டத்தைக் கழற்றின அன்று செல்ஃபோனில் எடுத்து அனுப்பியிருந்த படத்தை எடுத்துக்கொண்டு இங்கேயுள்ள கடைகளுக்குப் போனேன். நான் வேலை பார்க்கிற பேக்கரியில் அரை நாள் சம்பளம் பிடித்தார்கள். முதல் கடையில் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். இரண்டாவது கடைக்காரன், "இதெல்லாம் ஒரு வேலையாம்மா, அஞ்சு நிமிஷம்" என்றான். ஐந்து நிமிடத்தில் செய்தும் கொடுத்துவிட்டான். எட்டுப் பேருக்கும் வழவழவென்று மெழுகு பூசியது மாதிரி ஒரே தோல். அம்மாவுக்கு லிப்ஸ்டிக் போட்டிருக்கிறான். இவருக்கு யாரோ சோப்பு விளம்பரத்தில் வருகிறவனின் தாடையை வைத்திருக்கிறான். சிரிக்கிறதா அழுகிறதா என்று தெரியவில்லை. "சார் இப்படித்தானே இருந்தார்?" என்று என்னையே கேட்கிறான்.

அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. இல்லை, இப்படி இல்லை என்று சொன்னேன். பின்னே எப்படி என்று கேட்டான். என்னால் சொல்ல முடியவில்லை. இரண்டு வருடம் கூட இருந்த மனுஷன். முதுகு நினைவிருக்கிறது, இருமல் நினைவிருக்கிறது, செருப்பைக் கழற்றிப் போடுகிற சத்தம்கூட நினைவிருக்கிறது. முகத்தைக் கொண்டுவரப் பார்த்தால் வெறும் கோபம்தான் வருகிறது. மறக்க வேண்டும் என்று பிடிவாதமாக மறந்தேன். அது இவ்வளவு ஒழுங்காக நடந்து முடியும் என்று எனக்கு அப்போது தெரியாது.

உனக்கு நினைவிருக்கும். நாலு வருடம் பட்டறையில் அவருக்குப் பக்கத்து லேத் மெஷினில் நின்று வேலை பார்த்தவன் நீ. உன் மெஷின் அவருக்கு இடது பக்கம்தானே? காலையிலிருந்து சாயங்காலம் வரை நீ பார்த்துக்கொண்டிருந்ததே அந்தப் பாதியைத்தான்.

நீயே போய் அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல். ஐந்து முகத்துக் காசை மாதாமாதம் கொடுத்துவிடுகிறேன்.

முடியாது என்று எழுதப் போகிறாய். அதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன். இருபத்தைந்து வருடமாக உன்னிடம் கேட்காமல் வைத்திருந்தேன், நீயே கேட்க வைத்துவிட்டாய். நல்லவன், உழைப்பாளி, என் சிநேகிதன் என்று அவரை நம் வீட்டுக்குக் கூட்டிவந்தது யார்?

அக்கா


ஜூலை 3

அக்காவுக்கு,

எழுதிவிட்டாய் அல்லவா. சரி.

அந்த ஆளை எடுக்கிற வேலையை நிறுத்திவைக்கச் சொல்லியிருக்கிறேன். ரத்த சம்பந்தம் உள்ள யாருடைய படமாவது இருந்தால் வேண்டும் என்று ஸ்டுடியோவில் கேட்கிறார்கள். அண்ணன், தம்பி, யாராவது. நேராகப் பார்க்கிற படமாக, தெளிவாக இருக்க வேண்டுமாம். அந்தப் பக்கத்து ஆட்கள் யாரையும் எனக்குத் தெரியாது. உன்னிடம் இருந்தால் அனுப்பு.

தம்பி


ஜூலை 9

தம்பி,

கூடப் பிறந்தவர்கள் யாரும் கிடையாது அவருக்கு. ரத்த சம்பந்தம் என்றால் இந்த வீட்டில் இருக்கிற ஒருத்திதான். இந்தக் கடிதத்தோடு அவளுடைய படம் இரண்டு வைத்திருக்கிறேன். ஒன்றில் கண்ணாடி போட்டிருக்கிறாள், ஒன்றில் கழற்றியிருக்கிறாள். எதற்கு என்று அவளிடம் சொல்லவில்லை. வேலைக்கு விண்ணப்பம் போடுவதற்கு என்று நினைத்துக்கொண்டு தலையெல்லாம் சீவி எடுத்துக்கொண்டாள்.

அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கக் கூடாது. ஆனால் கேட்டதை வாபஸ் வாங்கவும் மனம் வரவில்லை. அப்படியே இருக்கட்டும்.

அக்கா


ஜூலை 21

அக்காவுக்கு,

இதை எழுத நாலு தடவை உட்கார்ந்தேன். எழுத எழுத ஆத்திரம் வருகிறது. யார்மேல் என்று தெரிந்தால் திட்டியாவது தீர்த்துக்கொள்வேன்.

பட்டறைக்கு லீவு போட்டுவிட்டு ஸ்டுடியோவுக்குப் போனேன். நீ அனுப்பிய படம் வருவதற்கு முன்னாலேயே இரண்டு தடவை போனேன், உன்னிடம் சொல்லவில்லை. அந்த அம்மா ஒரு ஸ்டூலைக் காலால் தள்ளிவிட்டு, "உக்காருங்க. பக்கத்துல இருந்து சொல்றதுக்கும் மணிக்கணக்குல சார்ஜ் உண்டு, அப்புறம் சண்டை போடக் கூடாது" என்றாள். ஒத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த ஆளுக்காகப் பேசுகிற ஒவ்வொரு வார்த்தைக்கும் நான் காசு கொடுத்தேன் என்பதைத் தெரிந்துகொள்.

தாடை எப்படி என்றாள். அகலம் என்றேன். வரைந்தாள். இது ரொம்ப அகலம் என்றேன். குறைத்தாள். யாரோ மாதிரி இருந்தது. கன்னம் ஒட்டினதா, உப்பினதா என்றாள். நடுவாந்திரம் என்றேன். லேத்தில் ஒரு நூல் பிசகினாலும் எனக்குக் கண்ணில் தட்டும். இங்கே என்ன பிசகு என்று தெரிகிறது, எவ்வளவு பிசகு என்று சொல்லத் தெரியவில்லை. முதல் நாள் முழுக்க இப்படியே போனது. இரண்டாம் நாளும். அவள் சலித்துப்போய், "உங்களுக்கு அவரைத் தெரியுமா, தெரியாதா?" என்று கேட்டாள். எழுந்து வந்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் உனக்கு அந்தச் சின்னக் கடிதத்தை எழுதினேன்.

நீ அனுப்பிய படம் வந்ததும் மறுபடி போனேன். கண்ணாடி போடாத படத்தை எடுத்துக்கொண்டாள். வாயாடியின் முகத்தில் இடது பாதியை மட்டும் வெட்டினாள். அதை இழுத்துக்கொண்டுபோய் அந்த ஆளின் முகத்தில் காலியாக இருந்த இடத்தில் வைத்தாள். கொஞ்சம் சாய்த்தாள். கொஞ்சம் பெரிதாக்கினாள். மீசையைத் தொடர்ந்து இழுத்தாள்.

உட்கார்ந்துவிட்டது, அக்கா. பொருத்திப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லாமல் உட்கார்ந்துவிட்டது. மூக்கின் மேட்டிலிருந்து காதுமடல் வரைக்கும் ஒரு கோடு விலகவில்லை. பக்கத்து மெஷினிலிருந்து அந்த ஆள் திரும்பி என்னைப் பார்க்கிறான்.

இருபத்தைந்து வருடம் நான் யாரைத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறேன்? முகவாயைப் பிடித்துப் பிடித்துக் கொஞ்சினேனே, அது யாருடைய முகவாய்? என் மருமகள் என்னை மாதிரி என்று பட்டறை முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேனே. அவளிடம் என் ஜாடை ஒரு பொட்டுகூட இல்லை. அத்தனையும் அவன். எனக்கு முன்னாலேயே உனக்குத் தெரிந்திருக்க வேண்டும், இல்லை அம்மாவுக்காவது தெரிந்திருக்க வேண்டும். யாரும் சொல்லவில்லை. மறைத்தீர்களா, இல்லை நீங்களும் பார்க்காமல் இருந்துவிட்டீர்களா?

வெளியே போய் ரோட்டோரமாக நின்றேன். ஒரு டீயை வாங்கி, குடிக்காமல் ஆறவிட்டுக் கொட்டினேன். திரும்பி உள்ளே போனபோது அந்த அம்மா, "சரியா இருக்கா?" என்றாள். இல்லை, ஒன்று குறைகிறது என்றேன். இடது கன்னத்து எலும்புக்கு மேலே அரிசி அளவுக்கு ஒரு தீக்காயத் தழும்பு உண்டு என்று சொல்லி, இடத்தை விரலால் காட்டினேன். அதற்குத் தனியாகக் காசு கேட்டாள். கொடுத்தேன்.

அந்தத் தழும்பு எப்படி வந்தது என்று உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். என் மெஷினிலிருந்து தெறித்த துணுக்கு அது. மேஸ்திரி கேட்டபோது தன் மெஷினில் தெறித்தது என்று சொல்லிவிட்டான். மிச்சத்தை எழுத முடியவில்லை.

கூரியரில் ஒரு பிரதி வருகிறது. எட்டு முகமும் இருக்கின்றன. காசு எதையும் அனுப்பாதே, அனுப்பினால் திருப்பிவிடுவேன். எவ்வளவு ஆயிற்று என்று உன் தம்பி பொண்டாட்டியிடம் கேட்காதே, அவளுக்கும் பாதிதான் சொல்லியிருக்கிறேன்.

படத்தை இன்னும் சுவரில் மாட்டவில்லை. பீரோமேல் திருப்பி வைத்திருக்கிறேன்.

தம்பி


ஆகஸ்ட் 2

தம்பிக்கு,

படம் வந்தது. உறையைப் பிரித்துவிட்டு ஒரு நாள் முழுக்க அவளிடம் காட்டாமல் வைத்திருந்தேன். நான் முதலில் பார்த்து முடிக்க வேண்டியிருந்தது.

நீ கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். யாரும் மறைக்கவில்லை. நான் பார்க்கவில்லை, அவ்வளவுதான். அவள் தலையை வாரினேன், மூக்கைத் துடைத்தேன், கன்னத்தில் ஒன்று கொடுக்கவும் செய்தேன். அவள் முகத்தை அவள் முகம் என்றுதான் வைத்திருந்தேன். இப்போது இந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கும் திக்கென்றது. என் தோள்மேல் கை அப்படியே இருக்கிறது. அதை எடுக்கச் சொல்லியிருக்கலாம் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். பிறகு, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நேற்று வேலையிலிருந்து வந்தாள். தோளிலிருந்து பையைக்கூட இறக்கவில்லை, மேஜைமேல் எடுத்து வைத்தேன். வழக்கம்போல உன்னைத்தான் முதலில் பார்த்தாள். மாமாவுக்கு அப்போது எவ்வளவு முடி என்றாள். அப்புறம் அம்மா, அப்பா, நான். கடைசியில் ஓரத்துக்குப் போனாள்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். திரும்பப் போட்டுக்கொண்டு குனிந்தாள். நான் முந்தானையைக் கையில் பிடித்துக்கொண்டு தயாராக நின்றேன். அவள் அழவில்லை. கடையில் வருகிறவர்களிடம் பேசுகிற குரலில் சொன்னாள்: "இந்த மூக்குல எந்த ஃப்ரேமும் நிக்காதும்மா. நழுவிக்கிட்டேதான் இருக்கும்." சொல்லிவிட்டுத் தன் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டாள். எத்தனை ஆயிரம் தடவை தள்ளியிருப்பாள், எத்தனை தடவை நான் கத்தியிருப்பேன், ஒழுங்காக ஒரு கண்ணாடி போடத் தெரியவில்லை என்று.

அப்புறம் படத்தில் அவர் கன்னத்தில் விரலை வைத்து, இது என்ன தழும்பு என்று கேட்டாள். எனக்குத் தெரியாது, மாமாவுக்குத்தான் தெரியும் என்றேன். மாமாவிடம் கேட்டால் கோபப்படுவாரா என்றாள். நீ இதுவரை எதற்குத்தான் கோபப்படவில்லை, அவளுக்கு என்ன பதில் சொல்வேன்?

மிச்சத்தை எழுத முடியவில்லை என்று எழுதியிருந்தாய். எனக்கு எழுத வேண்டாம், எனக்கு அது வேண்டியதும் இல்லை. அவர் செய்ததெல்லாம் செய்ததுதான், ஒரு காசுகூட அதில் நான் தள்ளுபடி செய்யவில்லை. ஆனால் அவள் கேட்கிறது வேறு கணக்கு. அதற்குப் பதில் உன்னிடம் மட்டும்தான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு விடுமுறை. கிளம்பி வா. ஃபோனில் சொல்கிற வேலை வேண்டாம், பாதியில் வைத்துவிடுவாய். பக்கத்தில் உட்கார்ந்து சொல், இங்கே மணிக்கணக்கில் சார்ஜ் கிடையாது.

சொல்லும்போது மட்டும் "அந்த ஆள்" என்று சொல்லாதே. நம் வீட்டு வாசலில் முதன்முதலாக அவரைக் கொண்டுவந்து நிறுத்தினபோது, "அக்கா, இவன்தான் என்..." என்று என்னவோ சொல்லித்தானே அறிமுகம் செய்தாய்? அதையே சொல்.

அக்கா